ஐந்தில் ஒன்று

ஜூலை 8, திங்கள்

இட்லி மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிட்டுப் பாதி மேடையில் கிடந்தது. துடைத்து, மிச்சத்தை ஊற்றி, இவருக்குக் கட்டிக்கொடுத்துக் கடைக்கு அனுப்பிவிட்டு நான் பள்ளிக்குப் போவதற்குள் முதல் மணி அடித்துவிட்டது.

ஏழாம் வகுப்பு பி பிரிவுக்குத் தசம எண்களைப் பின்னமாக மாற்றும் பாடம். இருபத்தாறு வருடமாக நடத்துகிறேன். 0.7 என்றால் பத்தில் ஏழு, 0.07 என்றால் நூறில் ஏழு, எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசியாக 2.375 எழுதினேன். கலப்புப் பின்னமாக்க வேண்டும். இரண்டைத் தனியே எடுத்து வைத்தேன். பக்கத்தில் 375 எழுதிக் கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே என்ன வரும் என்று தெரியவில்லை.

மறதி இல்லை. மறந்தால் நாக்கு நுனியில் வந்து நிற்கும். இது கேரளா பஸ்ஸின் பலகையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. எழுத்து என்று தெரிகிறது. என்ன எழுத்து என்றுதான் தெரியவில்லை.

"டீச்சர், ஆயிரம்" என்றாள் ரிஸ்வானா, மெதுவாக. முன் பெஞ்சு, வகுப்புத் தலைவி.

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னு பார்த்தேன்" என்றேன்.

சாக்பீஸ் தூள் கண்ணில் விழுந்துவிட்டது. திரும்பி நின்று துடைத்துக்கொண்டேன். அதற்குள் மணி அடித்தது.

காலையில் நான் சாப்பிடாமல் போனதுதான் காரணம். சர்க்கரை இறங்கியிருக்கும்.

ஜூலை 9, செவ்வாய்

சாப்பிட்டுவிட்டுப் போனேன். ஒன்றும் ஆகவில்லை. இன்று பி பிரிவுக்கு வகுப்பு கிடையாது.

ஜூலை 12, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. மதியம் ஸ்டாஃப் ரூமில் ஜெபராணி டீச்சர் என் காலைப் பார்த்துச் சிரித்தாள். "திலகராணி, செருப்ப மாத்திப் போட்டிருக்கீங்க." குனிந்து பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவள் அறிவியல் டீச்சர், எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருப்பாள். அவள் சொன்னதற்காக மாற்றிப் போட்டேன்.

புதுக் கண்ணாடி சரியில்லை என்று நினைக்கிறேன். கடைக்காரரிடம் பேச வேண்டும்.

ஜூலை 18, வியாழன்

இன்று மனசு லேசாக இருக்கிறது. வகுப்பில் நிற்கும்போதே ஒரு சுருக்குவழி பிடிபட்டது. பத்து, நூறு, ஆயிரம் என்று கீழே எழுதி, பொதுக் காரணி கண்டுபிடித்து, சுருக்கி, எதற்கு இத்தனை பாடு? புள்ளியை எடுத்துவிட்டு மேலே ஒன்று போட்டால் முடிந்தது. 0.5 என்றால் ஐந்தில் ஒன்று. 0.4 என்றால் நான்கில் ஒன்று. 2.3 என்றால் இரண்டும் மூன்றில் ஒன்றும். பார்த்ததும் சொல்லிவிடலாம். இத்தனை வருடம் பிள்ளைகளை ஏன் சுற்றவிட்டேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

போர்டில் எழுதிக்காட்டினேன். பிள்ளைகள் போர்டைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எழுதுங்க" என்றேன். எழுதினார்கள்.

ஜூலை 24, புதன்

வண்டியில் வரும்போது பந்தல்குடி ரோட்டில் திரும்பிவிட்டேன். நம் வீட்டுக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை. எதிரே வந்த ஆட்டோக்காரன் கத்தினான். நானும் கத்தினேன். இடது பக்கம்தான் வந்தேன், சத்தியமாக.

வரும் வழியில் தக்காளி ஒன்றரைக் கிலோ, சின்ன வெங்காயம் முக்கால் கிலோ. கத்திரிக்காய் சொத்தை, வாங்கவில்லை.

நெற்றிப்பொட்டில் வலி. வெயில்.

ஜூலை 30, செவ்வாய்

வகுப்புத் தேர்வுத் தாள் திருத்தினேன். பி பிரிவில் கிட்டத்தட்ட எல்லோருமே முழு மதிப்பெண். என் சர்வீஸில் இப்படி நடந்ததில்லை. சுருக்குவழியின் பலன்.

புதிதாகச் சேர்ந்த பொன்செல்வி ஒருத்திதான் சொதப்பிவிட்டாள். 0.5 = 1/2 என்று எழுதியிருந்தாள். எங்கிருந்து வந்தது இந்த இரண்டு? சிவப்பு மையால் அடித்து, வகுப்பில் எழுப்பி நிற்கவைத்தேன். "புள்ளிக்குப் பின்னால என்ன இருக்கு? அஞ்சா, ரெண்டா?" என்று கேட்டேன். "அஞ்சு டீச்சர்" என்றாள். "பின்னே?" என்றேன். இடைவேளையில் ரிஸ்வானா அவள் தோளில் கைபோட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை. விளங்காதவளுக்கு விளக்குகிறாள்.

இரவுச் சாப்பாட்டின்போது இவர் கேட்டார், "ஏன் ராணி, ஜாக்கெட் கொக்கிய ஒண்ணுவிட்டு ஒண்ணு மாட்டியிருக்க?"

"அவசரம்" என்றேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

தேதி எழுதவே மூன்று தரம் அடித்தல் திருத்தல். மேலே பார்த்தால் என் கையெழுத்து போலவே இல்லை. பேனா சரியில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று பள்ளியைப் பார்வையிட அதிகாரி வந்தார். தலைமையாசிரியை கோமளவல்லி அம்மா நேராக என் வகுப்புக்குத்தான் அழைத்துவந்தார். எப்போதும் அப்படித்தான். வெளியிலிருந்து யார் வந்தாலும் கணக்கு என்றால் திலகராணி வகுப்பு.

அதிகாரிக்கு நல்ல குரல். "என்ன பாடம் நடக்குது?" என்று பிள்ளைகளையே கேட்டார். "தசம எண்ணைப் பின்னமா மாத்துறது சார்" என்றார்கள்.

"அப்படியா? புள்ளி அஞ்சுன்னா எவ்வளவு?"

ரிஸ்வானா திரும்பிப் பின்னால் பார்த்தாள். அப்புறம் மொத்த வகுப்பும் ஒரே குரலில், கண்ணாடி ஜன்னல் அதிர, "ஐந்தில் ஒன்று!" என்றது. பொன்செல்வி கூடச் சொன்னாள்.

"புள்ளி நாலு?"

"நான்கில் ஒன்று!"

"ரெண்டு புள்ளி மூணு?"

"இரண்டும் மூன்றில் ஒன்றும்!"

ஒரு பிசிறு இல்லை. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதிகாரி பாராட்டுவார் என்று பார்த்தால், மனிதர் சிரிக்கக்கூட இல்லை. தலைமையாசிரியையைப் பார்த்தார். அவர் முகம் சுண்டிப் போயிருந்தது. "நீங்க சொல்லிக்கொடுத்ததாம்மா?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார். "ஆமா சார். என்னோட சொந்த முறை" என்றேன். "சரிங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

உத்தியோகம் வந்துவிட்டால் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வாய் வருவதில்லை.

பிள்ளைகள் ஏன் அப்படி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரியவில்லை. "நல்லாச் சொன்னீங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

காலையில் தலைமையாசிரியை கூப்பிட்டார். ஜெபராணியும் உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்தச் சொன்னார்.

"வீட்டுல ஏதும் பிரச்சினையா, திலகராணி?"

"இல்லங்கம்மா."

"தூக்க மாத்திரை கீத்திரை போடுறீங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்கு இதெல்லாம் கேக்குறீங்க?"

அவர் ஒரு தாளில் 0.5 என்று எழுதி என் பக்கம் தள்ளினார். "இது எவ்வளவு?"

"ஐந்தில் ஒன்று."

"இது அரைம்மா. பத்துல அஞ்சு. அரை." தாளை விரலால் தட்டினார். "ஒரு வகுப்புக்கே தப்பாச் சொல்லிக்கொடுத்து, அத அதிகாரி முன்னாடி பாட்டு மாதிரி ஒப்பிக்க வச்சிருக்கீங்க. எழுத்துல விளக்கம் கேக்கச் சொல்லிட்டுப் போயிருக்காரு. நான் என்னன்னு எழுத?"

நான் அந்தத் தாளைப் பார்த்தேன். ஐந்து இருந்தது. அவர் சொன்ன அரை அதில் எங்கும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் ஏதோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஜெபராணி அழுதுகொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அவள் விளையாட்டுக்கு அழுகிறவள் இல்லை.

"அம்மா, இது விளக்கம் கேக்குற விஷயமில்ல" என்று ஜெபராணி சொன்னாள். "ஆஸ்பத்திரிக்குப் போற விஷயம். செருப்பு, ஜாக்கெட், எல்லாம் ஒரு மாசமாப் பாக்குறேன்."

மதியமே லீவு எழுதிக்கொடுத்தேன். ஜெபராணி வண்டியில் கொண்டுவந்து விட்டாள். என் வண்டி பள்ளியிலேயே நிற்கிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

இவர் இன்று கடையை மத்தியானமே சாத்திவிட்டு வந்தார். மோட்டார் காயில் கட்டுகிற கடை. பழுதுக்கு வந்த ஒரு சின்ன மோட்டாரைக் கையோடு தூக்கிவந்து கூடத்தில் வைத்தார். ஜெபராணி போனில் எல்லாம் சொல்லியிருக்கிறாள் போல.

"ராணி, இது என்ன மோட்டாரு?"

கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், எனக்கா தெரியாது? "அரை ஹெச்.பி."

அவர் முகம் மலர்ந்தது. "அவ்வளவுதான? இந்தா, இந்தத் தகட்டுல என்ன போட்டிருக்கு, படி."

"பூஜ்யம் புள்ளி ஐந்து ஹெச்.பி."

"அப்ப, புள்ளி அஞ்சுன்னா?"

"ஐந்தில் ஒன்று."

"இது என்ன மோட்டாரு?"

"அரை ஹெச்.பி."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"புள்ளி ஐந்து."

"அப்ப புள்ளி அஞ்சுன்னா, ராணி?"

"ஐந்தில் ஒன்று. எத்தனை தடவை கேப்பீங்க?"

அவர் மோட்டாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் மூன்று பதிலும் சரியாகத்தான் சொன்னேன். எதற்காக அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பதுதான் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 10, சனி

மதுரை. பெரிய ஆஸ்பத்திரி. மூளை நரம்பு டாக்டர் ஒரு அம்மா, என்னைவிடச் சின்னவர். கணக்குதான் கேட்பார் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் 0.5 அரை, 0.25 கால் என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். அவர் கணக்கே கேட்கவில்லை.

"வலது கை மோதிர விரலால இடது காதைத் தொடுங்கம்மா."

இதென்ன பிரமாதம் என்று கையைத் தூக்கினேன். தூக்கிய கை அந்தரத்தில் நின்றுவிட்டது. மோதிர விரல் எது? ஐந்து விரலும் ஒன்றுபோல நின்றன. கல்யாண மோதிரம் போட்டிருந்த விரலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அது இடது கையாம்.

இவர் பக்கத்து நாற்காலியில் முன்னே குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஸ்கேன் எடுத்தார்கள். மாலையில் படத்தைக் காட்டினார். மூளையின் மேலுறையில், இடது பக்கம், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. பல வருடமாக மெல்ல வளர்ந்திருக்குமாம். எண்ணையும், விரலையும், இடம் வலத்தையும் பார்த்துக்கொள்கிற இடத்தின் மேல் அது உட்கார்ந்து அழுத்துகிறது.

"மோட்டார மட்டும் அரைன்னு சரியாச் சொன்னாளே?" என்று இவர் கேட்டார். "வாய்ப்பேச்சா அரை, ஒன்றரைன்னு சொல்றது மூளைல வேற இடம். அதுனால அது தப்பிச்சிருக்கு" என்றார் டாக்டர். "பார்த்தா புற்று மாதிரித் தெரியல. எடுத்துரலாம். ஆனா இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும். வண்டி ஓட்டிட்டு இருக்கும்போது வந்திருந்தா?"

"கணக்கு திரும்பி வருமா?" என்று கேட்டேன்.

"முதல்ல நீங்க திரும்பி வாங்க" என்றார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மகள் நித்திலா கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டாள். சமையலறை அவள் கையில். ரசத்துக்குப் பெருங்காயம் போடவில்லை. சொல்லவில்லை.

ஊரில் பேச்சு கிளம்பிவிட்டதாம். கணக்கு டீச்சருக்குப் பைத்தியம் என்று. நித்திலா போனில் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்தப் பேச்சு உறைக்கவில்லை. வகுப்புதான் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு பிள்ளைகூட எழுந்து தப்பு என்று சொல்லவில்லையே. அவ்வளவு பேரும் அப்படியே நம்பிவிட்டார்களே. நஞ்சைக் கலந்து கொடுத்திருந்தாலும் குடித்திருப்பார்களா?

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நாளை ஆபரேஷன். தலைமுடியை இன்று மழித்துவிட்டார்கள். இவர் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போனார். ரொம்ப நேரம் வரவில்லை.

எழுத்து வரி விட்டு வரி

செப்டம்பர் 12, வியாழன்

நான் திலகராணி. இது என் கை. இது பேனா.

நித்திலா எழுதச் சொன்னாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

புற்று இல்லை என்று ரிசல்ட் வந்துவிட்டது. இவர் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தாராம், முன்பின் தெரியாதவர்களுக்கும்.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஜெபராணி பிள்ளைகளைக் கூட்டிவந்தாள். ரிஸ்வானா, பொன்செல்வி, இன்னும் இரண்டு பேர். மாதுளம்பழம் கொண்டுவந்தார்கள். தலையில் துணி கட்டியிருந்த என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள். "உள்ள வாங்க. கடிக்க மாட்டேன்" என்றேன்.

ஜெபராணி நித்திலாவோடு அடுப்படிக்குப் போனதும், இத்தனை நாள் மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன். "புள்ளைகளா, நான் சொல்லிக்கொடுத்தது தப்பு. எல்லாத்தையும் அழிச்சுட்டு, புது டீச்சர் சொல்றதப் படிங்க. புள்ளி அஞ்சுன்னா அரை."

நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"தெரியும் டீச்சர்" என்றாள் ரிஸ்வானா.

"இப்பத் தெரியும். அப்போ..."

"அப்பவே தெரியும் டீச்சர். எல்லாருக்கும். புத்தகத்துலயே இருக்குல்ல?"

"பின்ன ஏன் அதிகாரிகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"நாங்க சரியாச் சொன்னா, நீங்க சொன்னது தப்புன்னு ஆயிரும்ல? எல்லார் முன்னாடியும் உங்களுக்கு அசிங்கமாயிரும். அதான் டீச்சர் சொன்ன மாதிரியே சொல்லணும்னு முதல்லயே பேசிவச்சுட்டோம். டெஸ்ட்டுலயும் அப்படித்தான் எழுதுனோம். பொன்செல்வி புதுசு, அவளுக்கு யாரும் சொல்லல."

பொன்செல்வியைப் பார்த்தேன். நான் நிற்கவைத்த பிள்ளை. அவள் மாதுளம்பழப் பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல? தனியா வந்தாவது?"

ரிஸ்வானா மற்ற மூவரையும் பார்த்தாள். "பயமா?" என்றேன்.

"பயமும்தான் டீச்சர்" என்றாள் ரிஸ்வானா. பிறகு, "சொன்னா மறுபடி அழுவீங்கன்னு."

"நான் எப்போ அழுதேன்?"

"ரெண்டு புள்ளி முந்நூத்தி எழுபத்தஞ்சு போட்ட அன்னிக்கு. போர்டப் பார்த்து அழுதுகிட்டே நின்னீங்க டீச்சர். ரொம்ப நேரம். மணி அடிச்சும் போகல. அடுத்த வகுப்பு டீச்சர் வந்த பிறகுதான் போனீங்க. முகத்தத் துடைக்கவே இல்ல."

எனக்கு அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை.

அவர்கள் போன பிறகு இந்த நோட்டை எடுத்து அந்த நாளைப் படித்தேன். கண்ணில் சாக்பீஸ் தூள் என்று எழுதியிருக்கிறேன். மணி அடித்தது என்று எழுதியிருக்கிறேன். ஸ்கேன் படத்தில் கட்டியைக் காட்டியபோதுகூட நான் இப்படி ஆடிப்போகவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், சரியான விடையை வாய்க்குள் வைத்துக்கொண்டு, எனக்காகத் தப்பான விடையை ஒரே குரலில் கத்தியிருக்கிறார்கள். நான் சிலிர்த்துப்போய் நின்றிருக்கிறேன்.

அவர்கள் அப்படிக் கத்தியிராவிட்டால், இந்நேரம் பந்தல்குடி ரோட்டில் எங்காவது கிடந்திருப்பேன். அதையும் நினைத்துப் பார்க்கிறேன். எதை முதலில் நினைப்பது என்று தெரியவில்லை.

நவம்பர் 18, திங்கள்

விரல்கள் வந்துவிட்டன. பெயர் சொன்னால் தூக்குகிறேன். இடது வலது பத்துக்கு எட்டு. கணக்கு மட்டும் ஓரடி முன்னே, ஓரடி பின்னே. 0.25 கால் என்று ஞாபகத்தில் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் வியர்க்கிறது. நித்திலா பத்து ரூபாய் சாக்லேட்டைத் துண்டு துண்டாக உடைத்து விளக்கினாள். விளங்கியதோ இல்லையோ, சாக்லேட் தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 4, செவ்வாய்

0.375.

ஆயிரத்தில் முந்நூற்று எழுபத்தைந்து. ஐந்தால் வகுத்து, மறுபடி ஐந்தால், மறுபடி ஐந்தால். எட்டில் மூன்று.

நானே போட்டேன். இவரை எழுப்பிச் சொன்னேன். மத்தியானத் தூக்கம் கலைந்தும் கோபப்படவில்லை.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறப்பு. தலைமையாசிரியை எனக்குத் தமிழ் வகுப்பு தருகிறேன் என்றார். அன்பாகத்தான் சொன்னார். வேண்டாம் என்றேன். "ஒரு பிரிவு மட்டும் கணக்கு கொடுங்க. பக்கத்து வகுப்புல ஜெபராணி இருக்கட்டும். தப்பு வந்தா எடுத்துருங்க." டைம் டேபிளை எடுத்துப் பார்த்தார். "ஏழு ஏ" என்றார்.

புதுப் பிள்ளைகள். என் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். முதல் நாளே சொல்லிவிட்டேன். "நான் தப்பாப் போட்டா உடனே எந்திரிச்சுச் சொல்லணும். கூடப் படிக்கிறவளப் பார்க்கக் கூடாது. என் முகத்தப் பார்க்கக் கூடாது. போர்டப் பார்த்துச் சொல்லணும்."

ஜூன் 19, வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

கலப்புப் பின்னம். 2.05 எழுதினேன். அதற்கு எதிரே 2 1/20 எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து அகல்யா என்ற பெண் எழுந்தாள்.

"டீச்சர், தப்பு."

முன் பெஞ்சுப் பிள்ளைகள் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"ரெண்டரைதான டீச்சர் வரும்? புள்ளிக்குப் பின்னால அஞ்சு இருக்குல்ல?"

ரெண்டரை. காதுக்கு எவ்வளவு சரியாக இருக்கிறது! போர்டைப் பார்த்தேன். 2.05. அந்த இலக்கங்கள் ஒரு கணம் கலைந்த மாதிரி இருந்தது. மறுபடியும் ஆரம்பித்துவிட்டதா? கட்டி திரும்பவும் வரலாம் என்று டாக்டரம்மா சொன்னாரே, வந்துவிட்டதா? யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை. அவளா, நானா, தெரியவில்லை. பக்கத்து வகுப்பில் ஜெபராணியின் குரல் கேட்டது. கூப்பிட்டுவிடலாமா என்று ஒரு கால் எடுத்தும் வைத்துவிட்டேன்.

"இரு. போட்டுப் பார்ப்போம்" என்றேன்.

புள்ளிக்கு அடுத்த இடம் பத்தில் ஒன்று. அங்கே பூஜ்யம். அதற்கடுத்த இடம் நூறில் ஒன்று. அங்கே ஐந்து. நூறில் ஐந்து. ஐந்தால் வகுத்தால் மேலே ஒன்று, கீழே இருபது. ஒவ்வொன்றாக எழுதினேன். நம்பிக்கை வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் இருபதில் ஒன்றுதான் வந்தது.

"டீச்சர் போட்டதுதான் சரி" என்று நடுவிலிருந்து ஒருத்தி சொன்னாள். "ஆமா டீச்சர்" என்று இன்னும் பல குரல்கள்.

"எனக்காகச் சொல்றீங்களா, போட்டுப் பார்த்துச் சொல்றீங்களா?"

"போட்டுப் பார்த்துத்தான் டீச்சர்" என்று நோட்டுகளைத் தூக்கிக் காட்டினார்கள்.

அகல்யா உட்காரவில்லை. "எனக்கு இன்னும் ரெண்டரைன்னுதான் தோணுது" என்றாள். "இங்க வந்து போடு" என்று சாக்பீஸைக் கொடுத்தேன். வந்தாள். 2.5 எழுதினாள். அதன் கீழே 2.05 எழுதினாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். முதலாவதின் கீழே பத்து, இரண்டாவதின் கீழே நூறு என்று எழுதினாள். அப்படியே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆமா டீச்சர், நாந்தான் தப்பு. நடுவுல பூஜ்யம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அவள் முகத்தில் பயம் கொஞ்சமும் இல்லை. நான்தான் மணி அடிக்கும்வரை மேஜையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.